லாபீர் காக்காவும் எட்டு மணி இரத்தமும்

ஜனாஸா அறிவித்தல் ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தபோது நான் ஆய்வுகூடத்து ஜன்னலைச் சாத்தினேன். கொழும்பிலிருந்து கருவி திருத்துபவர் தொலைபேசியில் இருந்தார். மூன்று நாளாகப் பிடிபடாத மனிதர், அன்றுதான் பிடிபட்டார். பள்ளிவாசல் சத்தத்தில் அவர் சொல்வது எனக்கு விளங்கவில்லை. யாருடையதோ மௌத், ஊரில் யாரோ இறந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கதைத்து முடித்துவிட்டுத் திரும்பினால், வரவேற்பு மேசையில் இருக்கும் பிள்ளை வாசலில் நிற்கிறாள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள்.

"லாபீர் காக்காவாம்," என்றாள். "ஒலுவிலுக்குப் போற வழியில லொறி அடிச்சிட்டாம்."

எந்த லாபீர் என்று கேட்டேன். காலையில் நோயாளியின் வீட்டுக்கே போய் இரத்தம் எடுக்க ஒலுவிலுக்குப் புறப்பட்டவர் எங்கள் லாபீர் காக்கா ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரிடம் கை நீட்டியிருப்பீர்கள். கல்முனையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பதினெட்டு வருடமாக இரத்தம் எடுத்தவர் அவர். எனக்கு மட்டுமல்ல, அவரைவிட இளைய எல்லோருக்கும் அவர் காக்காதான், மூத்த அண்ணன். நரம்பு பிடிபடாத கைகளை மற்ற ஆய்வுகூடங்களும் எங்களிடம் அனுப்பும். பயந்த ஆட்களுக்கு அவர் எப்போதும் ஒன்றைத்தான் சொல்வார்: "கைய இறுக்காதீங்க. நான் வெளிய எடுக்கிறதுதானே, உள்ளுக்கு ஒண்டும் வெக்கல்லயே." அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும்.

எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. மரியாதைக்காக மறைத்து எழுதினால் அவரே சிரிப்பார். நான் கருவி அறையில் இருப்பவன். இரத்தம் வர வேண்டும், கருவியில் ஏற வேண்டும், எண் வர வேண்டும், அறிக்கை போக வேண்டும். அவரோ ஒவ்வொருவரிடமும் விதைப்பு முடிந்ததா, மகள் வெளிநாட்டிலிருந்து வந்தாளா என்று விசாரித்துக்கொண்டிருப்பார். உள்ளேயிருந்து கத்துவேன். ஒருநாள் குழாய்த் தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க மிசினோட கதைக்கிற மாதிரியே மனிசரோடயும் கதைக்கிறீங்க. மிசின் பரவாயில்ல, அதுக்கு மனசு நோகாது." நான் குழாய்களைக் கருவியில் ஏற்றத் தொடங்கினேன்.

அவருக்குத் தொய்வு, ஆஸ்துமா இருந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் மருந்துக்கடையில் பிரெட்னிசோலோன் குளிசை வாங்கிப் போட்டிருக்கிறார். வைத்தியரின் துண்டு இல்லாமலே கொடுத்தார்கள், இவரும் போட்டார், வருடங்கள் போயின. முகம் உருண்டு வந்தது. உடம்பு வைத்திருக்கிறது, வசதி வந்துவிட்டது என்று ஊரில் பகிடி பண்ணினார்கள். இரத்தத்தில் சீனி ஏறியபோதுதான் வைத்தியரிடம் போனார். வைத்தியர் சொன்னது இதுதான்: சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அதிரீனல் சுரப்பி கோர்ட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கிறது. உடம்பை நிமிர்த்தி வைப்பது அந்த ஓமோன். அதைப் போன்ற மருந்தை வருடக்கணக்கில் வெளியிலிருந்து போட்டால் சுரப்பி வேலையை நிறுத்தித் தூங்கிவிடும். குளிசையை விடலாமா என்று அறிய, சுரப்பி எழும்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். சுரப்பு காலையில்தான் உச்சம், அதற்குத்தான் காலை எட்டு மணி இரத்தம்.

குளிசையை விட வேண்டும் என்பது அவருக்குப் பெரிய ஆசையாக இருந்தது. "இது என்னய மேய்க்குது தம்பி," என்பார்.

பரிசோதனை நாள் ரமழானின் முதல் வாரத்தில் விழுந்தது. அவருக்கு இரத்தம் எடுக்க அவர் இல்லை, நான்தான் எடுத்தேன். இரண்டு தரம் குத்தினேன். மூன்றாம் தரம் குத்தினால் முதலாளிக்கு முறைப்பாடு எழுதுவேன் என்றார். அன்று காலைக் குளிசை போடாமல் வர வேண்டும் என்பது விதி. அதை ஆயிரம் பேருக்குச் சொன்னவரே அவர்தான், அதனால் நான் கேட்கவில்லை. அவர் விடியுமுன் சஹருக்குச் சாப்பிட்டுவிட்டுக் குளிசையையும் போட்டிருந்தார். அப்போது போடாவிட்டால் நோம்பு திறக்கும்வரை போட முடியாது, அதுவரை நின்று வேலை செய்ய உடம்பில் தெம்பிருக்காது. நான்கு மணித்தியாலம் போய்விடுகிறது, அதற்குள் கரைந்துவிடும் என்று தனக்குத்தானே கணக்குப் போட்டிருக்கிறார். நோம்பு மாதத்தில் நம் ஆட்கள் எல்லாருமே இப்படித்தான் செய்வார்கள். நானும் நோம்பு பிடிக்கிறவன்தான். எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

எண் இயல்பான எல்லைக்குள் வந்தது. நோர்மல் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அறிக்கையைப் பார்த்த வைத்தியர் குளிசையை நிறுத்தலாம் என்றார். அவரில் பிழையில்லை, தாளில் இருந்ததை அவர் வாசித்தார். அன்று நோம்பு திறக்க ஆய்வுகூடம் முழுவதற்கும் லாபீர் காக்கா சமோசா வாங்கித் தந்தார்.

குளிசையை நிறுத்திய பத்தாம் நாள், ஒருவரின் கையில் ரப்பர் பட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் அமர்ந்தார். அமர்ந்தார் என்றுதான் நான் நினைத்தேன். நோம்புக் களைப்பு என்று எல்லோருக்கும் சொன்னதும் நான்தான். முகம் வியர்த்து, சாம்பல் நிறத்தில் இருந்தது. நல்ல காலம், எங்களுக்கு அடுத்த கட்டிடத்தில் அன்று ஓமோன் நோய்களுக்கான வைத்தியர் இருந்தார். காரைதீவுக்காரர், குறைவாகக் கதைக்கும் பெண். வந்து குனிந்து பார்த்தவர், இவர் ஸ்டீரொயிட் குளிசை ஏதும் பாவித்தவரா என்றுதான் முதலில் கேட்டார். பாவித்தார், நிறுத்தியாகிவிட்டது, சுரப்பி நோர்மல் என்று சொன்னேன்.

"ஆர் சொன்ன நோர்மல் எண்டு?"

"நாங்கதான்."

காக்காவின் கையில் ஊசியை ஏற்றிக்கொண்டே வைத்தியர் கேட்டார்: "ரத்தம் எடுத்த அண்டைக்குச் சஹருக்குக் குளிசை போட்டவரா?"

தரையில் கிடந்த லாபீர் காக்கா கண்ணைத் திறக்காமலே, "ஓம்," என்றார்.

பரிசோதனைப் பெட்டி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பொடி எழுத்து. அன்று பின்னேரம்தான் அதை முதன்முறையாக விரித்து வாசித்தேன். எங்கள் கருவி கோர்ட்டிசோலை நேராகக் காண்பதில்லை. பிறபொருளெதிரி என்ற ஒன்று அதன் உருவத்தைப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறது. பிரெட்னிசோலோனுக்கும் கோர்ட்டிசோலுக்கும் மூலக்கூறில் ஓர் இரட்டைப் பிணைப்புத்தான் வித்தியாசம். ஆள் மாறினாலும் சட்டை ஒன்று என்றால் அது பிடித்துவிடும். தாளில் அது தெளிவாக எழுதியிருந்தது. நான் நோர்மல் என்று கையொப்பமிட்டது அவருடைய சுரப்பிக்கல்ல, அவர் சஹருக்கு விழுங்கிய குளிசைக்கு.

அவருடைய மிச்சச் சீரம் உறைபெட்டியில் இருந்தது. அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். அங்கே திணிவு நிறமாலைக் கருவி இருக்கும் ஆய்வுகூடம் ஒன்று உண்டு. உருவத்தைப் பார்த்து ஏமாறாது. கலவையைப் பிரித்து, ஒவ்வொரு மூலக்கூறையும் அதன் எடையைக் கொண்டு தனித்தனியாக எண்ணிச் சொல்லும். பதில் நோம்பின் கடைசிப் பத்து நாளில் வந்தது. பிரெட்னிசோலோன் நிறைய. கோர்ட்டிசோல் இல்லையென்றே சொல்லலாம்.

என் அறிக்கையையும் கொழும்புப் பதிலையும் அவர் முன்னால் வைத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வந்தவன், கருவியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது சரி தம்பி. இப்பிடி வேற ஆருக்குக் குடுத்திரிக்கம்?"

எனக்கு அந்தக் கேள்வி வந்திருக்கவில்லை. பெருநாள் போகட்டும், ஆய்வுகூடத்தின் பெயர் என்னாவது, அவசரப்படாதே என்றார் முதலாளி. நான் சம்பளத்துக்கு இருப்பவன், வாயை மூடிக்கொண்டேன். லாபீர் காக்கா மூடவில்லை. பதிவேட்டை எடுத்து, அந்த மாதம் கோர்ட்டிசோல் பார்த்தவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டார். பெயர் சொன்னால் அவருக்கு முகம் வராது, கை வரும். இது இடது கையில் தழும்பு இருக்கிற மனுசி, இது நரம்பு வழுக்குற ஆள் என்று சொல்லிக்கொண்டே எண்களை அழுத்தினார்.

அப்படிக் கூப்பிட்டதில் வந்தவர்தான் இறக்காமத்து மீராசா மாமா. மூட்டு வலிக்கு அதே குளிசை. எங்கள் நோர்மலைக் கையில் வைத்துக்கொண்டு, பெருநாளோடு குளிசையை விடுவதற்கு இருந்தவர். மறுபடி இரத்தம் எடுப்பதென்றால் சஹருக்குக் குளிசை போடக் கூடாது. எடுத்த பிறகு உடனே போட்டாக வேண்டும். அதாவது அன்றைய நோம்பு இல்லை. அவர் ஒப்பவில்லை. இரவு முழுக்க வயலில் யானைக் காவலுக்குப் போய் வந்த உடம்போடுகூட ஒரு நோம்பு விட்டதில்லையாம். நான் என் பாணியில் விளக்கினேன். மருத்துவக் காரணத்துக்கு விடலாம், விடாவிட்டால் சாகலாம் என்றேன். அவர் எழும்பித் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்போது லாபீர் காக்காவுக்கு, தூங்கும் சுரப்பிக்குப் பதிலாக, ஹைட்ரோகோர்ட்டிசோன் குளிசை எழுதியிருந்தார்கள். காலையில் ஒன்று, பகலில் ஒன்று, பின்னேரம் ஒன்று. ஆகவே அவருக்கு நோம்பு இல்லை. அது எங்கள் நாலைந்து பேருக்கு மட்டும் தெரியும். பகல் குளிசையைக் களஞ்சிய அறைக்குள் போய்த்தான் போடுவார். குழாய்ப் பெட்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் நிற்க மட்டும் இடம், ஜன்னல் இல்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுவார். தண்ணீர்ப் போத்தலை ஊசிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார். ஐம்பது வயது மனிதர், மார்க்கம் அனுமதித்த ஒன்றைச் செய்ய அப்படி ஒளிந்தார். நான் ஒருமுறை தெரியாமல் கதவைத் தள்ளிவிட்டேன். உள்ளேயிருந்து, "ஆள் இரிக்கி," என்றார், கழிவறையில் இருப்பவர் சொல்வதைப் போல.

மீராசா மாமா எழும்பிய அன்று லாபீர் காக்கா களஞ்சிய அறைக்குள் போய், கோப்பையில் தண்ணீரோடு வெளியே வந்தார். மண்டபத்தில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். நடுவில் நின்று, எல்லோரும் பார்க்கக் குளிசையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தார். மூலையிலிருந்து ஒருவர், "என்ன லாபீர், பகல்லயே பெருநாளா?" என்றார்.

"மருந்து," என்றார் அவர். "இதப் போடாட்டி விழுவன். இந்தா, இந்த இடத்திலதான் விழுந்த." பிறகு மீராசா மாமாவின் பக்கம் திரும்பினார். "மாமா, நாளைக்கு எட்டு மணிக்கு வாங்க. ரெத்தம் எடுத்தொடன ரெண்டு பேருமாப் போடுவம்."

மறுநாள் மாமா வந்தார். இரத்தம் எடுத்து முடித்ததும் இருவரும் அதே மண்டபத்தில் ஒரு போத்தலில் தண்ணீர் குடித்தார்கள். மீராசா மாமாவின் எண் நான் பயந்ததைவிடக் கீழே இருந்தது. குளிசையை நிறுத்தியிருந்தால் வயலில் எங்காவது விழுந்திருப்பார். லாபீர் காக்காவின் ஜனாஸாவுக்கு அவர் வந்திருந்தார். அடக்கம் முடிந்ததும் மையவாடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

இதோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் இருவரும் தண்ணீர் குடித்ததற்கு அடுத்த நாள் லாபீர் காக்கா மறுபடியும் களஞ்சிய அறைக்குள்தான் போனார். நேற்றுத்தான் ஊருக்கே தெரிந்துவிட்டதே, இனி என்ன ஒளிப்பு என்று கேட்டேன். "ஒருநாளைக்கு ஏலும் தம்பி," என்றார். "ஒவ்வொரு நாளும் ஏலா." தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பெருநாள் வரை அப்படித்தான்.

பெருநாளுக்குப் பின் அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: விட்ட நோம்புகளை அடுத்த ரமழானுக்கு முன் கலாச் செய்ய, அதாவது பிடித்துத் தீர்க்க வேண்டும். அதற்குச் சுரப்பி எழும்ப வேண்டும். அது எழும்பியதா இல்லையா என்று சொல்பவன் நான். ஹைட்ரோகோர்ட்டிசோன் என்பது கோர்ட்டிசோலேதான், அதை எந்தக் கருவியாலும் வேறு பிரிக்க முடியாது. அதனால் முந்தின நாள் பகலோடு குளிசையை நிறுத்தி, மறுநாள் எட்டு மணிக்குத் தள்ளாடிக்கொண்டு வந்து கை நீட்டுவார். எண் வரும்வரை கருவி அறை வாசலில் நிற்பார்.

"இன்னம் தூங்குதா?"

"தூங்குது."

நான் அவ்வளவுதான் சொல்வேன். வேறு என்ன சொல்வதென்று தெரியாது. ஒருமுறை, எண்ணைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் கருவி கோவிக்குமா என்று பகிடியாகக் கேட்டார். நான் பகிடியாக எடுக்கவில்லை. ஒருமுறை பிழையாகக் கையொப்பமிட்டவன் நான், மறுபடி விழுந்தால் நான் தூக்க வரமாட்டேன் என்று சத்தமாகச் சொன்னேன். மண்டபத்தில் ஆட்கள் இருந்தார்கள். "சரி மனே, கத்தாதீங்க," என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க எனக்குப் பல மாதங்கள் இருந்தன. எடுக்கவில்லை.

அந்த மாதங்களில்தான் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார். குளிசை பாவிக்கும் நோயாளிகள் குளிசை போடாமல் பேருந்தில் ஏறி வந்து வரிசையில் நிற்பது ஆபத்து என்று அவருடைய உடம்பே அவருக்குச் சொல்லியிருந்தது. எட்டு மணிக்கு அவர்களுடைய வாசலில் நிற்பார். இரத்தம் எடுத்துவிட்டு, அவர்கள் குளிசையை விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் மோட்டார் சைக்கிளை எடுப்பார். ஒலுவிலுக்கும் அப்படித்தான் புறப்பட்டார்.

விபத்துக்கு நான்கு நாள் முன்னர் தன் இரத்தத்தைத் தந்திருந்தார். எங்கள் கருவி பழுதாகியிருந்ததால் அதைக் கொழும்புக்கு அனுப்பினேன். பதில் வந்தபோது அடக்கம் முடிந்து ஆறு நாள். அவருடைய மகன் அஸ்லம் அதற்காகவே இரண்டு தரம் வந்துபோயிருந்தான். வாப்பா விட்ட நோம்புகளை அவருக்காகத் தான் பிடிக்கலாமா என்று மௌலவியிடம் கேட்டிருக்கிறான். முதலில் வருத்தம், அதாவது நோய், மாறியிருந்ததா என்று அறிந்து வாருங்கள் என்றாராம் மௌலவி. மாறி, பிடிக்க முடிந்தும் பிடிக்காமல் போனவருக்கு ஒரு முறை, நோம்பு கடனாக நிற்கும். வருத்தத்தோடே போனவருக்கு வேறு முறை, கடன் இல்லை.

கடித உறையைப் பிரித்துப் பார்த்தேன். முந்தைய எண்களைவிட ஏறியிருந்தது. நன்றாகவே ஏறியிருந்தது. ஆனால் எழும்பிவிட்டது என்று சொல்லும் எல்லையைத் தொடவில்லை. தூங்குகிறது என்று சொல்லும் எல்லைக்கும் மேலே. இரண்டுக்கும் நடுவே. காரைதீவு வைத்தியரிடம் கொண்டுபோனேன். இந்த எண்ணுக்குப் பிறகு செய்வது ஊசி போட்டுச் சுரப்பியைத் தட்டிப் பார்க்கும் பரிசோதனை, அதற்கு ஆள் உயிரோடு வேண்டும் என்றார். அவரும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாபீர் காக்காவின் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இரண்டு பொய்களை மாறி மாறி வைத்துப் பார்த்தேன். மாறவில்லை என்று சொன்னால் அவர்மீது ஒரு குறையும் நிற்காது. மாறிவிட்டது என்று சொன்னால், இவ்வளவு காலம் அவர் கேட்டுக்கொண்டிருந்த சொல்லை அவருடைய வீட்டிலாவது ஒருமுறை சொன்னவனாவேன். இரண்டில் எதைச் சொன்னாலும் யாராலும் சரிபார்க்க முடியாது.

அவருடைய மனைவி இத்தாவில், கணவன் இறந்தபின் விதவை ஒதுங்கியிருக்கும் காலத்தில் இருந்தார். நான் முன்கூடத்தில், அவர் திரைக்கு அப்பால். அஸ்லம் நடுவில் நின்றான். சலாம் சொல்லிவிட்டுத் தாளை அவனிடம் கொடுத்தேன். "ராத்தா," என்று அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டேன். கருவியைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினேன்.

"எனக்குத் தெரியா ராத்தா. ஏறி இரிக்கி. போதுமா எண்டு இந்த நம்பர வெச்சுச் சொல்ல ஏலா."

ராத்தா திரைக்குக் கிட்ட வந்தார்.

"ஏறி இரிக்கா?" என்றார். அதை மட்டும் இரண்டு தரம் கேட்டார். பிறகு, "தெரியாட்டித் தெரியா எண்டே எழுதித் தாங்க தம்பி. மௌலவிட்டக் காட்டுவம்," என்றார்.

"நான் எப்பிடியும் புடிப்பன்," என்றான் அஸ்லம்.

ஆய்வுகூடத்தின் அறிக்கைத் தாளில் இயல்பு, கூடுதல், குறைவு என்று மூன்று கட்டங்கள்தான் உண்டு. அவற்றைத் தொடாமல், கீழே வெறும் இடத்தில் பேனையால் எழுதினேன்: இந்த அளவைக் கொண்டு முடிவு சொல்ல முடியாது. இந்தத் தொழிலுக்கு வந்து இத்தனை வருடத்தில் நான் எழுதாத வசனம் அது. எழுதினால் எனக்கு வேலை தெரியாது என்று நினைப்பார்கள் என்று பயந்திருந்தேன். இப்போது மாதத்தில் இரண்டு மூன்று தாள்களில் எழுதுகிறேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டு எழும்பி மண்டபத்துக்குப் போய், அந்த ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு என்று நானே கேட்கிறேன். எனக்கு இன்னும் நன்றாகக் கேட்க வரவில்லை. சிலர் பயந்து பொய் சொல்கிறார்கள். மறுபடி கேட்கிறேன், கத்தாமல். லாபீர் காக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.